கல்நெஞ்சுக்காரத் தகப்பன்

ஜோசப்ராஜ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் நடித்தார். பள்ளிக்கூட நாடகத்தில்கூட வேடம் கட்டாத மனிதர் அவர். கிறிஸ்துமஸ் சமயத்தில் கோயிலில் மூன்று ராஜாக்களில் ஒருவர் குறைகிறார், போர்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றால் போதும் என்று கெஞ்சினாலும், "நமக்கு அதெல்லாம் வராதுப்பா" என்று நழுவிவிடுவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே முன்வந்து ஒரு வேடம் கட்டினார். அதைக் கழற்றத்தான் அவரால் கடைசிவரை முடியவில்லை.

மராத்தி பேசும் ஊரான கட்கியில் பழைய தமிழ்க் குடும்பம் அவருடையது. தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து வெடிமருந்து ஃபாக்டரி வேலைக்கு வந்தவர்கள். ஜோசப்ராஜ் போசரியில் கியர் செய்கிற ஒரு கம்பெனியில் டர்னர். மனைவி ஆரோக்கியமணி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். ஒரே மகள் அலினா. சொந்தமாக இரண்டு அறை வீடு, ஒரு ஸ்கூட்டர், ஞாயிறு மட்டன், வருஷத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணி. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு கஷ்டமும் இல்லாத குடும்பம். அதுவே பிற்பாடு ஒரு குறையாகிப்போனது.

அலினாவுக்கு நல்ல குரல். கோயில் பாடகர் குழுவில் அவள் பாட ஆரம்பித்ததும் மற்றவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். நாராயண் பேட்டில் ஒரு மராத்தி அம்மாவிடம் அவளைப் பாட்டுக்குச் சேர்த்துவிட்டார் ஜோசப்ராஜ். சாயங்காலமானால் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை எதிரே 'அம்ருததுல்ய' என்று போர்டு மாட்டியிருந்த டீக்கடை வாசலில் நிற்பார். கம்பெனியில் சூப்பர்வைசர் பதவி வந்தபோது வேண்டாம் என்றார். பதவியை ஏற்றுக்கொண்டால் சாயங்காலம் போய்விடும். பைத்தியமா உனக்கு என்று கேட்டவர்களிடம், "எம் பொண்ணு டிரைவர் இல்லாம திண்டாடுவா" என்று சிரித்தார்.

அலினாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டில் பேசுவாள், அதிலும் பாதி ஹிந்தி. அதனால் தமிழ்ப் பாட்டுகளை அப்பாதான் வாயால் சொல்லிக்கொடுத்தார். ஆற்றுப் பாலத்தில் ஸ்கூட்டர் போகும்போது அவர் ஒரு வரி பாடுவார், பின்னாலிருந்து அவள் திருப்பிப் பாடுவாள். ழகரம் வராவிட்டால் அடுத்த சிக்னல்வரை அதே வார்த்தைதான். பக்கத்தில் நிற்கும் ரிக்ஷாக்காரர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஜோசப்ராஜுக்கு வெட்கமே இருந்ததில்லை.

இனி அவருடைய பலவீனத்தைச் சொல்ல வேண்டும். சனி, ஞாயிறு வந்தால் டிவியில் 'குரலுக்கு மகுடம்' பார்த்தாக வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வரும் பாட்டுப் போட்டி. அந்த நேரத்தில் யாராவது போன் செய்தால் எடுக்க மாட்டார். வீடு தேடி வந்தால் டீ கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். நிகழ்ச்சி நடத்தும் விச்சு அவருக்கு ஏதோ சித்தப்பா மகன் மாதிரி. "நம்ம விச்சு இன்னிக்கு டல்லா இருக்கான், ஒடம்பு சரியில்ல போல" என்று கவலைப்படுவார். போட்டிக்கு வரும் பிள்ளைகளின் வீட்டைக் காட்டுவார்கள். இட்லி விற்கிற தாய், கண் தெரியாத தகப்பன், ஒழுகுகிற கூரை. விச்சு கர்ச்சீப்பை எடுப்பதற்கு முன்பே இவர் துண்டை எடுத்துவிடுவார்.

"அந்தப் பொண்ணு எவ்ளோ சுத்தமா பாடுச்சு, அதுக்கு ஓட்டுப் போடாம இந்தப் பையனுக்கா போட்டீங்க?" என்று ஆரோக்கியமணி கேட்பாள்.

"அவனுக்கு அப்பா இல்ல ஆரோக்கியம்" என்பார். அதற்குமேல் அவருக்கு நியாயம் வேண்டியிருக்கவில்லை. அழ வைத்த பிள்ளைக்கு ஓட்டு, அவ்வளவுதான். இப்படி லட்சம் ஜோசப்ராஜுகள் இருப்பதால்தான் அந்த நிகழ்ச்சி ஓடியது. அதைப் பிழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்நேரமும் மெஷின் சத்தத்தில் கிடக்கிற மனிதனுக்கு, முகம் தெரியாத ஒரு பிள்ளைக்காக அழக் கிடைப்பதும் ஒரு சுகம்தான்.

அலினாவுக்கு வயது பத்தொன்பது ஆனபோது அந்த நிகழ்ச்சிக்கே அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மும்பையில் தேர்வு நடந்தது. அவள் பாடி முடித்ததும் நடுவர் எழுந்து நின்று கைதட்டினார். ஜோசப்ராஜ் போசரி முழுக்க பேடா கொடுத்தார்.

பிறகு வீட்டைப் படமெடுக்கச் சென்னையிலிருந்து ஒரு குழு வந்தது. அதற்குத் தலைவன் சபரி. இளைஞன், மரியாதையான பையன், செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்தான். அலினாவின் கதையை எடுக்க வேண்டும் என்றான். அவர்களும் சொன்னார்கள். அவன் கேட்டுக்கொண்டே போனான். கேட்கக் கேட்க முகம் தொங்கியது.

"சின்ன வயசுல ஏதாச்சும் ஆபரேஷன்?"

"இல்லீங்க, கர்த்தர் புண்ணியத்துல ஜுரம் வந்ததோட சரி" என்றாள் ஆரோக்கியமணி.

"வீட்ல யாராச்சும் இறந்து... சமீபத்துல?"

"எங்க மாமியார் தவறினாங்க. தொண்ணூறு வயசு."

சபரி தலையைச் சொறிந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பாப்பா அருமையாப் பாடுது. ஆனா கதை இல்லாத பிள்ளைங்க முதல் ரெண்டு வாரத்துலயே வெளிய போயிடுறாங்க. நான் பாத்துட்டேன். ஜனங்களுக்கு மனசு ஒட்ட ஏதாச்சும் வேணும்."

வேறு தகப்பனாக இருந்தால், கதை இல்லாவிட்டால் போகட்டும், பாட்டு இருக்கிறதே என்று சொல்லியிருப்பார். ஆனால் ஜோசப்ராஜுக்கு அந்தப் பையன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை என்று தெரியும். சுத்தமாகப் பாடிய எத்தனை பிள்ளைகளை அவரே ஓட்டுப் போடாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்! தன் மகளும் அப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவதை நினைத்துப் பார்த்தார்.

"என்னைக் கெட்டவனாப் போட்டுருங்க" என்றார்.

சபரி நிமிர்ந்து பார்த்தான்.

"அப்பனுக்குப் பாட்டே பிடிக்காது. பொண்ணு ஒளிஞ்சு ஒளிஞ்சு பாடக் கத்துக்கிட்டா. போன தடவ ஒரு பொண்ணுக்கு மாமா இப்படி இருந்தாருல்ல, நல்லா ஓட்டு விழுந்துச்சே. இது அப்பா. இன்னும் நல்லா விழும்."

ஆரோக்கியமணி கையிலிருந்த தட்டை நங்கென்று வைத்தாள். "உங்களுக்கு என்ன கிறுக்கா? வாய்க்கு வந்ததச் சொல்றீங்க!"

"ஒரு வாரத்துக் கூத்து ஆரோக்கியம். யாரு ஞாபகம் வெச்சிருக்கப் போறாங்க?"

மறுநாள் படமெடுத்தார்கள். அலினா சமையலறை மூலையில் உட்கார்ந்து வாய்க்குள் முணுமுணுத்துப் பாட வேண்டும், அப்பா பேப்பரைக் கீழே வீசி, "நிறுத்துறியா இல்லியா?" என்று கத்த வேண்டும். அவர் கத்தும்போதெல்லாம் அலினா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "டாடி, ஓவர் ஆக்டிங்! கித்னா டிராமா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கேமராக்காரரும் சிரித்தார். கடைசியில் அவளை முதுகு காட்டி உட்கார வைத்து எடுத்தார்கள். சிரிப்பில் தோள் குலுங்கியதுதான் டிவியில் அழுகையாக வந்தது. ஆரோக்கியமணி மட்டும் படத்தில் வர மாட்டேன் என்று பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அது வந்தது. சோகமாக ஒரு வயலின், அதன் மேல் விச்சுவின் கம்மிய குரல், கீழே கொட்டை எழுத்தில் 'கல்நெஞ்சம் கரையுமா?' என்ற கேள்வி. ஜோசப்ராஜ் தன் முகத்தைத் தானே பார்த்தார். பாவி, இவ்வளவு கொடூரமாகவா இருக்கிறேன் என்று அவருக்கே திகைப்பாக இருந்தது. ஆனால் அன்று ஓட்டு கொட்டியது. அலினா சென்னையிலிருந்து போனில் கூச்சலிட்டாள். அவரும் கூச்சலிட்டார். இந்தச் சந்தோஷத்துக்காக இன்னும் நாலு பேப்பரை வீசியிருக்கலாம் என்றுதான் அன்று நினைத்தார்.

ஒரு வாரத்துக் கூத்து ஒரு வாரத்தில் முடியவில்லை. கம்பெனி கேன்டீனில் இருந்த தமிழ் ஆட்கள் அவர் உட்கார்ந்த பெஞ்சை விட்டு எழுந்துபோனார்கள். காய்கறிக்காரி, "இத்கி கோட் போர்கி, பாவுசாஹேப்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இவ்வளவு இனிமையான பிள்ளையைப் போயா என்று அர்த்தம். அவளுக்கு யாரோ போனில் காட்டியிருக்கிறார்கள். உண்மையை வெளியே சொல்லக் கூடாது என்று சபரி கேட்டுக்கொண்டிருந்தான், போட்டி முடிகிறவரையாவது.

அந்த மாதம் அன்பியக் கூட்டம் அவர்கள் வீட்டில். சுற்றியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபம் சொல்வதுதான் அன்பியம். ஜெபமாலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு மன்றாட்டு சொல்லுவார்கள். கூட்டத்துக்கு வந்திருந்த சியாமளா டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு உருக்கமாகச் சொன்னாள்: "கல்லான இருதயத்தை மாற்றும் ஆண்டவரே, இந்த இல்லத்துத் தலைவர் தம் மகளின் திறமையை உணர்ந்து மனந்திரும்ப உம்மை மன்றாடுகிறோம்."

எல்லாரும் பதில் சொன்னார்கள். முழங்காலில் நின்ற ஜோசப்ராஜும் சேர்ந்து சொன்னார், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்." சொல்லாமல் இருந்தால் அதுவும் கல்நெஞ்சு என்பார்களே. ஆரோக்கியமணி சுண்டல் எடுத்து வருகிறேன் என்று எழுந்துபோனவள் வெகுநேரம் வரவில்லை.

மனந்திரும்புதலும் டிவியிலேயே நடந்தது. அரையிறுதிக்கு அவரைச் சென்னைக்கு அழைத்தார்கள். விச்சுவை நேரில் பார்க்கப் போகிறோம் என்று புதுச் சட்டை தைத்துக்கொண்டு போனார். விச்சு உண்மையிலேயே நல்ல பையன், மேடைக்குப் பின்னால் வந்து, "சாப்ட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டான். மேடையில் விளக்கு விழுந்ததும் அதே விச்சு, "ஒரு தகப்பனா, இன்னிக்கு உங்க பொண்ணுகிட்ட என்ன சொல்ல விரும்புறீங்க?" என்று கேட்டுவிட்டு மைக்கை நீட்டினான். ஜோசப்ராஜ், "மன்னிச்சிரும்மா" என்றார். அதற்குமேல் அழுகைதான் வந்தது. அன்று அவள் பாடியது அப்படி. ஒரு ழகரம் பிசகவில்லை. பெருமையில் அழுத அழுகையைத் தமிழ்நாடே வேறு மாதிரி புரிந்துகொண்டது. அலினாவும் ஓடிவந்து கட்டிக்கொண்டு தேம்பினாள்.

கீழே இறங்கியதும் அவர் காதில், "ஸாரி டாடி. ஃபைனல் முடிஞ்சதும் எல்லார்கிட்டயும் நெஜத்தச் சொல்லிடுறேன், பக்கா" என்றாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. நிஜத்தைச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இப்போது சொன்னால் பொய் சொன்ன பிள்ளை என்று பேர் வரும், கொஞ்சம் ஆறட்டும் என்றான் சபரி. அதுவும் சரிதான் என்று ஜோசப்ராஜே சொன்னார். அலினா சென்னையிலேயே தங்கினாள். மேடைக் கச்சேரி, சில படப் பாட்டு, பிறகு குழந்தைகள் பாட்டு நிகழ்ச்சியில் நடுவர். பிள்ளைகள் தோற்று அழும்போது கீழே இறங்கி வந்து அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவாள். ஊரே அவளை 'அலினா அக்கா' என்றது.

பேட்டி எடுப்பவர்கள் எல்லாரும் அந்த ஒரு கதையைத்தான் கேட்டார்கள். முதல் பேட்டிக்குப் பிறகு போன் செய்து, "கேட்டாங்க டாடி, என்ன செய்ய, சொல்லிட்டேன்" என்று வருத்தப்பட்டாள். நாலைந்து பேட்டிக்குப் பிறகு போன் வரவில்லை. கதை மட்டும் வளர்ந்தது. பேப்பரை வீசிய அப்பா, பாட்டுப் புத்தகத்தைக் கிழித்த அப்பா ஆனார். அப்புறம் அறையில் வைத்துப் பூட்டிய அப்பா ஆனார். பன்னிரண்டாம் வகுப்பில் பரீட்சைக்கு முந்தின நாள் ஏதோ கச்சேரிக்குப் போவேன் என்று அவள் அடம்பிடித்தபோது அவர் மேசையை ஓங்கித் தட்டியது உண்டு. ஒரு பேட்டியில் அந்த அடி அவள் கன்னத்தில் விழுந்தது. அதைச் சொல்லும்போது அலினாவின் கண் நிறைந்தது. ஜோசப்ராஜ் டிவிக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். அது நடிப்புக் கண்ணீர் மாதிரி தெரியவில்லை. நாம் ஒருவேளை அடித்துவிட்டு மறந்துவிட்டோமா என்று அன்று முழுக்க யோசித்தார்.

"அடிச்சனா ஆரோக்கியம்?"

"எறும்ப நசுக்கத் தெரியாது உங்களுக்கு. அவகிட்ட நான் கேக்கறேன், போனக் குடுங்க."

"வேணாம். தொழில் அது. வெளிய சொல்றதுக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு. அவளுக்குத் தெரியாதா என்ன?"

இதுதான் அவருடைய ஒரே ஆறுதல். கட்கி என்ன நினைத்தாலும், தமிழ்நாடு என்ன நினைத்தாலும், அவளுக்குத் தெரியும். உலகத்தில் ஓர் ஆளுக்கு நாம் யார் என்று தெரிந்திருந்தால் போதாதா? போதும் என்றுதான் அவர் அத்தனை வருஷத்தையும் தள்ளினார்.

கம்பெனியிலிருந்து அவர் ஓய்வுபெற்ற சமயத்தில் அலினாவுக்குக் கல்யாணம் கூடியது. பையன் பெயர் நீல். கோயம்புத்தூர்க் குடும்பம்; கராடியில் ஐடி வேலை. அலினாவின் ரசிகனாக ஆரம்பித்துப் பழக்கமாகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கினான். ஆரோக்கியமணியிடம் கலகலவென்று பேசுவான், சமையலறைவரை போய் வெங்காயம் நறுக்குவான். ஜோசப்ராஜ் வந்து உட்கார்ந்தால் போனை எடுத்துக்கொள்வான். பூண்டு உரித்தபடி ஒருநாள் ஆரோக்கியமணியிடம் சொன்னான், "எங்களுக்குப் பொண்ணு பொறந்தா அவ இஷ்டத்துக்குத்தான் வளர்ப்போம் ஆன்ட்டி. யாரும் அவள அதட்ட விடமாட்டேன்." கூடத்தில் இருந்தவர் காதில் விழட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

ஜோசப்ராஜுக்கு அன்றுதான் முதல் தடவையாகப் பயம் வந்தது. ஊர் ஒதுக்கியதை அவர் தாங்கிக்கொண்டார். பிறக்காத பேத்தியைத் தன்னிடமிருந்து காப்பாற்ற ஒருவன் இப்போதே வேலி போடுகிறான் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. இந்த ஒருவனிடமாவது அலினா உண்மையைச் சொல்லியாக வேண்டும் என்று முடிவு செய்தார். அவள் சொன்னால் போதும், நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் எல்லாம் நேராகிவிடும்.

நிச்சயதார்த்தத்துக்காக அலினா வீட்டுக்கு வந்திருந்தாள். சாயங்காலம் நீல் வந்து அவளைத் தையல் கடைக்கு அழைத்துப்போவதாக இருந்தது. அவள் கூடத்தில் தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஜோசப்ராஜ் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அலினா, ஒண்ணு கேக்கணும்மா. நீல்கிட்ட மட்டுமாவது நெஜத்தச் சொல்லிரு."

"எந்த நெஜம் டாடி?"

"அதான்... டிவில சொன்னது. நான் பாட விடலன்னு. சபரி வந்தப்ப நாந்தானே சொன்னேன், என்னைக் கெட்டவனாப் போடுங்கன்னு. ஓட்டுக்காக."

அலினா பின்னலை நிறுத்தினாள். அவள் முகத்தில் கோபம் வரும், அல்லது வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்த்தார். இரண்டும் வரவில்லை. எழுந்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். தோற்றுப்போன பிள்ளைகளிடம் பேசும்போது டிவியில் பார்த்த அதே முகம்.

"டாடி, அன்னிக்கு ஷூட்டிங்ல கொஞ்சம் கூட்டி எடுத்தாங்க, தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி நடந்ததெல்லாம்... நீங்க மறக்கணும்னு நெனைக்கிறீங்க. அது நார்மல். எனக்குப் புரியுது."

"என்ன நடந்துச்சு அலினா? நாந்தானே உன்ன கிளாஸுக்குக் கூட்டிட்டுப் போனேன்?"

"கூட்டிட்டுப் போனீங்க. மம்மி சண்ட போட்டு அனுப்புனாங்க, போனீங்க. வாசல்லயே மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு நிப்பீங்க, உள்ளகூட வரமாட்டீங்க. சின்ன வயசுல எனக்கு அது எவ்ளோ கஷ்டமா இருக்கும் தெரியுமா?" அவள் கண் கலங்கியது. "அழாதீங்க டாடி. நான் எப்பவோ உங்கள மன்னிச்சிட்டேன்."

ஜோசப்ராஜ் அவள் முகத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். பொய்யாக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அந்த முகத்தில் பொய் ஒரு துளிகூட இல்லை. சொல்லிச் சொல்லி, அழுது அழுது, அவளுக்கு அது மட்டும்தான் மிஞ்சியிருந்தது. அவரை அறிந்த அந்த ஓர் ஆளும் எப்போதோ போய்விட்டாள். எந்தப் பேட்டியில் போனாள் என்று அவளுக்கும் தெரியாது.

வாசலில் கார் நின்ற சத்தம் கேட்டது. நீல் உள்ளே வந்தான். அப்பாவின் காலடியில் அலினா உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

"டாடி இன்னிக்கு அதப் பத்திப் பேசினாங்க நீல்" என்றாள் அலினா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "இத்தன வருஷத்துல முதல் தடவ."

சமையலறை வாசலில் ஆரோக்கியமணி வந்து நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இன்று இவள் வாயைத் திறந்தால், கட்டிக்கொள்ளப் போகிறவன் முன்னால் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். எது பொய், எது நிஜம் என்று பிரித்துக் காட்டப் போனால், அந்தப் பிள்ளையின் பாதி வாழ்க்கையைப் பிய்த்து எடுக்க வேண்டும். ஜோசப்ராஜுக்கு யோசிக்க அதிக நேரம் இருக்கவில்லை. மனைவியைப் பார்த்து வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு நீல் பக்கம் திரும்பினார்.

"ஆமா தம்பி. அப்ப நான் அப்படித்தான் இருந்தேன். புத்தியில்லாத காலம். புள்ளைய ரொம்ப அழ வெச்சிட்டேன்."

ஆரோக்கியமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீல் அருகில் வந்தான். குனிந்து அவர் தோளைத் தொட்டான்.

"பழசையெல்லாம் விடுங்க மாமா" என்றான். அதுவரை அவன் அவரை சார் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.